டாக்டர் முன்னால் நிமிர்ந்து நட

1

"வடை வேணாம்மா" என்றாள் ரோசி. "இந்தத் தடவ வேணவே வேணாம்."

நான் அப்போதுதான் உளுந்தை ஊறப்போட்டிருந்தேன். மறுநாள் காலை அரசாங்கத்திலிருந்து ஒரு ஆபீசர் வருகிறார். ரோசிக்கு என்னென்ன உதவி தேவை என்று வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். வீடு தேடி வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? புதுக்கோட்டை அன்னவாசல் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு மனசு கேட்காது. ஆனால் ரோசி தன் நடைவண்டியைச் சமையலறை வாசலில் குறுக்கே நிறுத்திக்கொண்டு கிண்ணத்தை முறைத்தாள். உளுந்து அவளுக்கு என்னவோ துரோகம் செய்ததுபோல.

ரோசி என் மகள், ரோஸ்லின். பத்தொன்பது வயது. நாங்கள் அடிலெய்டுக்குக் குடிவந்து சில வருடம் கழித்து இங்கேயே பிறந்தாள். பிரசவத்தில் மூளைக்குப் போகவேண்டிய காற்று தாமதமானதில், கையும் காலும் அவள் சொல்கிற பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு நடக்க நடைவண்டி, வெளியே சக்கர நாற்காலி. பேச்சு குழறும், பழகியவர்களுக்குப் புரியும். தமிழ் கொஞ்சம்தான் வரும். வாய்த்துடுக்கு மட்டும் எங்கள் குடும்பத்துச் சொத்து, அதில் பைசா குறையாமல் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அந்தோணி இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வடைக்கு ஏன் தடை என்று சொல்ல, ரெண்டு வருசம் பின்னால் போகவேண்டும்.

2

அப்போது ரோசிக்குக் காலையில் ஒரு உதவியாள் வருவார். மார்த்தா என்று கென்யாக்காரப் பெண். குளிக்கவைத்து உடுத்திவிடுவார். மத்தியானம் மறுபடி ரோசி படிக்கிற இடத்துக்கே போய்ச் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் துணையிருப்பார். அரசாங்கச் செலவு. இது தொடரவேண்டுமா என்று சில வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு செய்வார்கள்.

மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டோம். வேறென்ன எடுத்துக்கொள்வது? ஸ்கூல் இன்ஸ்பெக்சனிலிருந்து பாஸ்போர்ட் விசாரணை வரைக்கும், ஆபீசர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பாஸாகவேண்டும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அந்தோணி திரைச்சீலை மாற்றினார். நான் ரோசிக்குப் புது சட்டை வாங்கி, பட்டன் போடப் பழக்கினேன். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் அதே வேலை.

வந்த அம்மாள் நல்ல மாதிரி. சட்டை தானாகப் போட்டுக்கொள்வாளா என்று கேட்டார். ரோசி போட்டுக் காட்டினாள். பழகிப் பழகி விரல் சிவந்திருந்தது வந்தவருக்குத் தெரியாது. சமைக்க உதவுவாளா என்று கேட்டார். நடைவண்டித் தட்டில் வடையை வைத்து, ஒன்றுகூடக் கீழே விழாமல் ரோசி கொண்டுவந்து நீட்டினாள். உங்களுக்குச் சிரமமாக இல்லையா என்று என்னிடம் கேட்டார். "நோ ப்ராப்ளம். வீ வில் மேனேஜ்" என்றேன். பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, அவளால் இது ஆகாது, அது ஆகாது என்று ஒரு அந்நிய மனுசியிடம் அடுக்கிக்கொண்டிருப்பாளா பெற்றவள்? எங்கள் பக்கத்தில் எதிரிகூட அப்படிப் பேசமாட்டான்.

அந்த அம்மாள் வடையை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, மெச்சிவிட்டுப் போனார். அந்தோணி ரோசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரோசி அன்று மத்தியானம் படுத்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

சில வாரத்தில் முடிவு வந்தது. மகளின் முன்னேற்றம் மகிழ்ச்சியளிக்கிறது, ஆகவே மார்த்தாவின் உதவி இனித் தேவைப்படாது.

போன் செய்தேன். இங்கே அரசாங்கத்துக்குப் போன் செய்வது என்பது காதில் வாத்தியம் கேட்டுக்கொண்டே ஒரு சட்டிச் சாம்பார் வைத்து முடிக்கிற வேலை. கடைசியில் ஒருவர் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஆனால் அம்மா, எல்லாம் நீங்களே சொன்னதுதானே" என்றார்.

3

இந்த மாதிரி பாஸாகித் தோற்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல.

என் தம்பி ஞானத்துக்குக் கைக்குழந்தையில் போலியோ வந்தது. வலது கால் சூம்பிவிட்டது. அன்னவாசலில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நடக்கும்போது வலது கையைத் தொடையில் ஊன்றி, காலைத் தள்ளித் தள்ளி நடப்பான். ஊன்றி ஊன்றி அவன் பேண்ட்டெல்லாம் அந்த ஒரு இடத்தில் மட்டும் வெளுத்து நைந்திருக்கும். வீட்டிலிருந்து பஸ் ஏற நடக்கவேண்டும், இறங்கிக் கடைக்கு நடக்கவேண்டும். வயது ஏற ஏற நல்ல காலும் வலிக்க ஆரம்பித்தது. பின்னால் ரெண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் அரசாங்கத்தில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சர்டிபிகேட் வாங்கப் புதுக்கோட்டையில் நடந்த முகாமுக்குப் போனான். அப்போது நான் லீவில் ஊரில் இருந்தேன். கூடப் போனேன்.

கிளம்புகிற காலையில் எங்கள் ஆத்தா செய்ததைக் கேளுங்கள். பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து மடிப்புக் கலையாமல் நீட்டினார். "டாக்டர் முன்னால நொண்டிக்கிட்டு நிக்காதடா. கைய ஊனாம நிமுந்து நட. நாலு பேரு பாக்குற எடம்" என்றார்.

ஞானம் அப்படியே செய்தான். பெஞ்சு நிறைய ஆட்கள், வெளியே அதைவிட நீளமாக வரிசை. டாக்டர் நடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, கை ஊன்றாமல், வழுவழுப்பான தரையில் போய்த் திரும்பிவந்தான். முகத்தில் வேர்வை.

"நல்லாத்தானே நடக்குறீங்க!" என்றார் டாக்டர்.

"ஆமாங்க சார்" என்றான் இவன், அவார்டு வாங்கினவன் மாதிரி.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும்தான் சாப்பிட்டேன். பிறகு வந்த சர்டிபிகேட்டில் ஊனத்தின் சதவீதம் நாற்பதுக்குக் கீழே போட்டிருந்தது. நாற்பது இல்லையென்றால் சலுகை எதற்கும் லாயக்கில்லை, ஸ்கூட்டருக்கும்தான். ஞானம் அதை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மறுநாள் கையைத் தொடையில் ஊன்றிக் கடைக்குப் போனான்.

டாக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பார்த்ததை எழுதினார். பார்க்கவிடாமல் வேட்டி கட்டி அனுப்பியது நாங்கள்.

4

மார்த்தா நின்றபிறகு எங்கள் காலைகள் இப்படிப் போயின. நான் எழுந்து ரோசியைக் குளிக்கவைத்து, உடுத்தி, ஊட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுவேன். வலது தோள் இறங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் பெரிய பாத்திரத்தைத் தூக்கும்போது யாரும் பார்க்காத பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மத்தியானம் என்ன செய்கிறாய் என்று ரோசியைக் கேட்டால், "பாத்துக்கறேன்" என்பாள். அலுவலக நிர்வாகம் படிக்கிறாள், நல்ல மார்க். ஒரே ஒரு விசயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். நான் கொடுத்தனுப்புகிற பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பி வரும். "இந்த வெயில்ல தண்ணி குடிக்காம ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கத்துவேன். வந்ததும் வராததுமாக அடுத்தடுத்து ரெண்டு டம்ளர் குடிப்பாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா சொல்வதைக் கேட்பதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

5

போன வருடக் கடைசியில் எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மதிப்பீட்டு முறையை மாற்றப்போகிறார்களாம், எப்படி மாற்றலாம் என்று மாற்றுத்திறனாளிகளிடமே கேட்கிறார்களாம். எனக்கு நம்பிக்கையில்லை. ரோசி போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் போனோம்.

ஒருவர் கோபமாகப் பேசினார். "ஒரு தடவை செய்யமுடிகிறதா என்று கேட்காதீர்கள். தினமும் செய்யமுடிகிறதா, செய்தபிறகு நாங்கள் என்ன ஆகிறோம் என்று கேளுங்கள்" என்றார். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றையும் முடிவுபண்ணப் போகிறது என்று இன்னொருவர் பயந்தார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, இன்னமும் போகவில்லை.

பிறகு ரோசி கை தூக்கினாள். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் சொன்னாள்:

"என்னிடம் கேளுங்கள். என் அம்மா இல்லாதபோது கேளுங்கள்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்காக இறங்கின தோள் இது, என்னையே வெளியே போகச் சொல்கிறாளே என்று ஆறவில்லை. அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "புள்ள சரியாத்தான் சொன்னிச்சு" என்றார். அவரோடும் ரெண்டு நாள் பேசவில்லை.

6

இப்போது ஆரம்பத்தில் சொன்ன உளுந்துக்கு வருகிறேன். அதை எடுத்து மாவாட்டி மறுநாள் இட்லிக்கு வைத்துக்கொண்டேன். திரைச்சீலை மாற்றவில்லை. ரோசி பழைய டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வந்தது ஒரு இளம்பெண். புது முறைப்படி வருகிறவர்களில் ஒருத்தி. அவசரமில்லை, களைத்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடரலாம் என்று முதலிலேயே சொன்னாள். யார் கூட இருக்கவேண்டும் என்று ரோசியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ரோசி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ துணி காயப்போடு."

"துணியெல்லாம் நேத்தே காஞ்சிருச்சேத்தா."

"திரும்பக் காயப்போடு."

கொல்லைப்புறம் போய், காய்ந்து மடித்துவைத்த துணியை ஒவ்வொன்றாக உதறி மறுபடி கொடியில் போட்டேன். அந்தோணியின் யூனிபார்ம், என் ஏப்ரன், போர்வை. கொசுவலைக் கதவு மட்டும்தான் இடையில், பேசுவதெல்லாம் கேட்டது. அவர்கள் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

பட்டன் போடுவாயா என்று கேட்டாள் அந்தப் பெண். "போடுவேன். போட்டால் அன்றைக்கு டைப் அடிக்க விரல் வராது. எது வேண்டும் என்று நான் முடிவு பண்ணவேண்டும்" என்றாள் ரோசி. இது எனக்குத் தெரிந்ததுதான்.

"மோசமான நாள் என்றால் அது எப்படி இருக்கும்?" என்று அடுத்த கேள்வி.

நான் போர்வையைக் கொடியில் போட்டபடி நின்றேன்.

"படிக்கிற இடத்தில் நான் தண்ணீர் குடிப்பதில்லை" என்றாள் ரோசி. "காலையில் எழுந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை. குடித்தால் பாத்ரூம் போகவேண்டும். தனியாகப் போய் விழுந்திருக்கிறேன். யாரோ ஒரு பையன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். அதற்கப்புறம் குடிப்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் தலை வலிக்கும். மோசமான நாள் என்றால், ரொம்ப வலிக்கிற நாள்."

"வீட்டில் தெரியுமா?"

"தெரியாது. தெரிந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு மத்தியானம் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். அம்மாவுக்கு அந்தச் சமையலறை பிடிக்கும். அங்கே அவருக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். எனக்கு மார்த்தா வேண்டும். அம்மா அம்மாவாக இருந்தால் போதும்."

உள்ளே ஓடிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்ல என் கால் ரெண்டும் துடித்தன. வாய்வரை வந்துவிட்டது. போர்வையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் நிறைந்து வந்த அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கத்தினேனே என்று அழுதேன். அழுதுகொண்டே, என் மகள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று பெருமையும் பட்டேன். ரெண்டும் ஒன்றாக வந்தது, பிரிக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண் போனபின், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேத்தா" என்றேன்.

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

வேலையை விட்டிருப்பேன். அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னது போலவே. அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன்.

7

ஞாயிற்றுக்கிழமை ஞானத்துக்கு வீடியோ போட்டு நடந்ததைச் சொன்னேன். எப்போதும் இடையில் புகுந்து கேலி பேசுகிறவன், இந்தத் தடவை கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நானும் அப்புடித்தான்க்கா" என்றான்.

"எப்புடி?"

"கடையில கக்கூசு இல்ல. பொதுக் கக்கூசுக்கு நடந்து போயிட்டு வாரதுக்குள்ள கஸ்டமர் போயிருவாக. அங்கிட்டுத் தரை வேற ஈரமாவே கெடக்கும், வழுக்கும். அதான் காலையில கெளம்புறப்ப இருந்து ஒண்ணும் குடிக்கிறதில்ல."

கல்யாண வீட்டில் காபி வந்தால் ஞானம் கையைக் காட்டி மறுத்துவிடுவான். கோயில் திருவிழாவில் மோர் கொடுத்தாலும் அப்படித்தான். டீ, காபி பழக்கமில்லாத ஒழுக்கமான பிள்ளை என்று ஆத்தா அவனுக்குப் பெண் பார்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். கூடப் பிறந்த எனக்கும் அதுதான் தெரியும். அடிலெய்டில் ஒரு ஆபீசர் பெண் கேட்ட கேள்வியால், அன்னவாசலில் இருக்கும் என் தம்பியை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ரோசி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா, மறுபடி டாக்டர்கிட்ட போங்க. வெள்ள வேட்டி வேணாம். நல்லாருக்கேன்னு பொய் சொல்ல வேணாம்."

"ஒங்க ஆச்சி விடணுமேடா" என்று சிரித்தான் ஞானம். ஆனால் மனு போட்டான்.

அடுத்த முகாமுக்குக் கிளம்புகிற காலையிலும் ஆத்தா வேட்டியை எடுத்து வைத்திருந்தாராம். இவன் கடைக்குப் போகிற பேண்ட்டையே போட்டுக்கொண்டான், தொடையில் வெளுத்துப்போன அதே பேண்ட். ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் தடவை வேறு டாக்டர். ஞானம் எப்போதும் நடக்கிறபடி கையை ஊன்றி நடந்தான். டாக்டர் காலை அளந்தார், மூட்டை மடக்கிப் பார்த்தார். அவன் பேண்ட்டில் நைந்த இடத்தைக் கவனித்திருக்கிறார்.

"தெனமும் இப்படித்தான் கை ஊனி நடக்குறீங்களா?"

"ஆமாங்க சார்."

"மழை பெஞ்சா?"

"கடை தெறக்கிறதில்லைங்க சார்."

பிறகு, யாரும் கேட்காமலே, தண்ணீர் விசயத்தையும் சொல்லிவிட்டானாம். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "எனக்கும் அதேதான் தம்பி" என்றாராம்.

வீடு திரும்பியதும் ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா கேட்டாரு?"

"மழை பெஞ்சா என்ன பண்ணுவேன்னு கேட்டாருத்தா."

"இதையெல்லாமா கேக்குறாக?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அந்த வேட்டியை எடுத்துப் பெட்டியில் வைத்தாராம்.

8

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முகாமுக்குப் போகும் முன் அவரிடம் கேளுங்கள். அவருடைய மோசமான நாளைப் பற்றி அவர் வாயால் சொல்ல விடுங்கள். சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இங்கே புது முறை எல்லாருக்கும் நல்லது செய்யும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இன்னும் முடிவு தெரியாமல் காத்திருக்கிறது. ஆனால் கேள்வி மாறியதை நான் கொசுவலைக் கதவுக்கு வெளியே நின்று என் காதால் கேட்டேன்.

மார்த்தா போன மாதம் திரும்பி வந்தார். வாசலில் ரோசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ அவர் மொழியில் சொன்னார். காலையும் மத்தியானமும் வருகிறார். என் தோளுக்கு எண்ணெய் போட்டு உருவிக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

ஞானத்துக்குச் சதவீதம் நாற்பதைத் தாண்டியது, மனு நகர்ந்தது, போன வாரம் ஸ்கூட்டரும் வந்துவிட்டது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்வருகிறானாம். எட்டிப்பிடிக்கிற தூரம் ஆகிவிட்டது வீடு.

நேற்று அவன் ரோசிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடை மேஜையில், பிரித்துப்போட்ட மிக்ஸிக்குப் பக்கத்தில், குடித்து முடித்த டீ கிளாஸ்.

ரோசி அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.